"டிஸ்க் எதுவும் இல்லை": ஜொகூர்க் குறிப்புகள்

"புது எஸ்எஸ்டி செத்துப்போச்சு அண்ணே" என்றுதான் பேச்சு தொடங்கும். பெரும்பாலும் அது சாகவில்லை. கணினிக்கு டிஸ்க் இருப்பது தெரிந்திருக்கும், விண்டோஸ் நிறுவிக்குத் தெரியாது. அல்லது நிறுவிக்குத் தெரியும், எழுத மறுக்கும். அல்லது எல்லாம் எழுதி முடிந்திருக்கும், மறுநாள் திறந்தால் எதிலிருந்து கிளம்புவது என்று கணினிக்குத் தெரியாது. மூன்றும் மூன்று விதக் கோளாறு. எங்கள் ஊரில் மூன்றுக்கும் ஒரே பெயர்: "ஃபார்மட் ஏறலை". அதனால் டிஸ்க் என்ன பிராண்டு என்று நான் முதலில் கேட்பதில்லை. எந்தத் திரையில் நின்றது என்று கேட்கிறேன். அந்தத் திரையைப் போனில் படம் எடுத்து வைத்திருப்பவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

*

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது. அதை ஒட்டி ஸ்கூடாய், மாசாய், கூலாய் பக்கமெல்லாம் அலமாரியில் கிடந்த லேப்டாப்புகள் வெளியே வரத் தொடங்கின. நிறைய 2020, 2021-இல் வாங்கியவை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பள்ளிப் பாடம் வீட்டுக்கு வந்தபோது, பெற்றோர் கையில் இருந்த வெள்ளிக்குக் கிடைத்ததை வாங்கினார்கள். அந்தப் பிள்ளை இப்போது படிவம் ஐந்திலோ பாலிடெக்னிக்கிலோ இருக்கிறது. 256 ஜிபி நிரம்பி வழிகிறது. "பெரிய எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 11 ஏத்திக் குடுங்க" என்கிறார்கள். கேட்பது நியாயம்தான்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், செக்யூர் பூட் வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டும். 2020-க்குப் பிந்தைய லேப்டாப்புகள் இதில் தேறிவிடும். தேறாத பழசுகளுக்கு இரண்டு வழி. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டு 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-இலேயே ஓட்டலாம். இல்லாவிட்டால் லினக்ஸ் மின்ட். கோயில் கணக்கு எழுதவும் யூடியூப் பார்க்கவும் மின்ட் தாராளம். ஆனால் வீட்டில் என்ன பிரிண்டர் இருக்கிறது என்று கேட்காமல் யாருக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுப்பதில்லை.

*

அந்தக் காலகட்டத்து லேப்டாப்புகளில்தான் முதல் வகைக் கோளாறு அதிகம். பாசிர் கூடாங்கில் வேலை செய்யும் தம்பி ஒருவர் போனில்:

"பயாஸ்ல பேரு காட்டுதுண்ணே, 1 டெரான்னு. விண்டோஸ்ல மட்டும் ஒன்னுமே இல்ல."

"ஒன்னுமே இல்லையா, இல்ல காலி டிஸ்க்னு ஒரு வரியாச்சும் காட்டுதா?"

"பட்டியலே வெறுமையா இருக்கு. லோட் டிரைவர்னு கேக்குது."

"அப்ப டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. பென்டிரைவோட அப்படியே கொண்டு வா."

இதற்குப் பெயர் விஎம்டி. இன்டெல் 2020 செப்டம்பரில் அறிவித்த பதினோராம் தலைமுறைச் சில்லுகளிலிருந்து பல லேப்டாப்புகளில் இது பயாஸில் இயங்கும் நிலையிலேயே வருகிறது. என்விஎம்இ டிஸ்க் நேராக இயங்குதளத்தின் கண்ணில் படாமல், இன்டெல்லின் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். லேப்டாப் தயாரித்தவர்கள் விண்டோஸ் ஏற்றும்போது அதற்கான டிரைவரையும் சேர்த்தே ஏற்றிவிடுவதால் வாங்கியவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. நாம் இறக்கிக்கொள்ளும் வெறும் விண்டோஸில் பெரும்பாலும் அந்த டிரைவர் கிடையாது. காவல் கொட்டகை வைத்த தாமான் மாதிரி: உள்ளே வீடும் இருக்கிறது, வீட்டுக்காரரும் இருக்கிறார், அட்டை இல்லாத விருந்தாளிக்குத் தடுப்புக் கட்டை மட்டும் உயராது.

வழி இரண்டு. ஒன்று, டிரைவரைக் கொடுப்பது. லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் அந்த மாடலுக்கு உரிய ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவர் இருக்கும். பலர் இடறுவது இங்கே. இறக்கிய கோப்பு ஓடக்கூடிய கோப்பாக இருக்கும், அதை அப்படியே பென்டிரைவில் போட்டால் நிறுவி திரும்பிக்கூடப் பார்க்காது. இன்னொரு கணினியில் அதைப் பிரித்து, உள்ளே ஐஎன்எஃப் என்று முடியும் கோப்புகள் உள்ள ஃபோல்டரைப் பென்டிரைவில் வைக்க வேண்டும். "லோட் டிரைவர்" அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால், வெறுமையாக இருந்த பட்டியலில் டிஸ்க் வந்து நிற்கும்.

மற்றது, பயாஸில் விஎம்டியை அணைப்பது. ஒரே ஒரு எஸ்எஸ்டி உள்ள வீட்டு லேப்டாப்புக்கு இதனால் எந்த நட்டமும் இல்லை. ஏசர் லேப்டாப்புகள் பலவற்றில் அந்த வரி மறைந்தே இருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் சும்மா ஆர்வத்துக்காக இதை அணைக்காதீர்கள். அடுத்த முறை நீலத் திரைதான் வரும், கிளம்பும் டிஸ்கை அணுக முடியவில்லை என்று. மறுபடி இயக்கிவிட்டால் சரியாகிவிடும். அது தெரியாமல் பயந்துபோய் முழுதாக ஃபார்மட் அடித்து, கல்யாணப் படங்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

*

எப்போதும் முதல் கேள்வி: பயாஸில் டிஸ்கின் பெயர் வருகிறதா? எஃப்2 அல்லது டிலீட், கணினிக்குக் கணினி மாறும். பெயர் வந்தால் வன்பொருள் பக்கம் அநேகமாகச் சரி, இனி எல்லாம் பேச்சுவார்த்தைதான். வராவிட்டால் கழற்றிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைத் தாண்டிக்கொண்டு நேராக இணையத்தில் தேடுகிறவர்கள், தங்களுக்கு இல்லாத கோளாறுக்கெல்லாம் மருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் மேசையில் லினக்ஸ் நேரடியாக ஓடும் பென்டிரைவ் ஒன்று எப்போதும் கிடக்கும். விண்டோஸ் நிறுவி காட்டாத டிஸ்கை லினக்ஸ் காட்டினால், டிரைவர் பிரச்சினை என்று அப்போதே முடிவு கட்டிவிடலாம். டிஸ்கின் உடல்நிலை அறிக்கையையும் அதிலேயே பார்க்கலாம். பழைய டிஸ்கிலிருந்து படங்களை நகலெடுக்கவும் அதுவே போதும்.

*

எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அந்த மெல்லிய பச்சைப் பட்டைக்குள் இரண்டு சாதி உண்டு: சாட்டா, என்விஎம்இ. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று. சில இடுக்குகள் சாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இயை மட்டும், சில இரண்டையும். மாற்றிச் செருகினால் புகையெல்லாம் வராது, சத்தமே இல்லாமல் பயாஸில் பெயர் வராது. அவ்வளவுதான். கடையில் "எம்.2 எஸ்எஸ்டி ஒன்னு குடுங்க" என்று கேட்பவருக்குக் கடைக்காரர் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை என்றால் வேறு கடை பார்ப்பது நல்லது. பழைய டிஸ்கையோ லேப்டாப்பின் மாடல் எண்ணையோ கையோடு கொண்டு போங்கள்.

நீளமும் உண்டு. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். சில மெலிந்த லேப்டாப்புகளில் 2242 மட்டுமே உட்காரும். மேசைக் கணினித் தாய்ப்பலகைகள் சிலவற்றில் இன்னொரு கூத்து: எம்.2 இடுக்கில் ஒன்றைப் போட்டதும் சாட்டா துளைகளில் ஒன்றிரண்டு செத்துவிடும், இரண்டும் ஒரே தடத்தைப் பகிர்வதால். "புதுசு போட்டதும் பழைய டிஸ்க் காணாமப் போச்சு" என்பவர் சொல்வது பொய்யில்லை. பழைய டிஸ்கின் கேபிளை வேறு துளைக்கு மாற்றினால் திரும்பி வரும்.

வெப்பத்தகட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சுப் பட்டையின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். உரித்துவிட்டுப் போடவும். எங்கள் ஊர் உச்சி வெயிலில் விசிறி இல்லாத அறையில் ஓடும் கணினிக்கு இது சின்ன விஷயமில்லை.

*

இரண்டாம் வகை: டிஸ்க் தெரிகிறது, "இந்த டிஸ்கில் விண்டோஸை நிறுவ முடியாது" என்கிறது. கீழே சின்ன எழுத்தில் எம்பிஆர், ஜிபிடி என்று ஏதோ வரும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை.

டிஸ்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்று எழுதி வைக்கும் அட்டவணையில் பழைய முறை எம்பிஆர், புதிய முறை ஜிபிடி. எம்பிஆர் 1980-களின் சரக்கு, 2 டெராபைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. யுஇஎஃப்ஐ முறையில் கிளம்பும் கணினி விண்டோஸை ஜிபிடி டிஸ்கில் மட்டுமே ஏற்றும். முற்றிலும் புதிய எஸ்எஸ்டியில் அட்டவணையே இருக்காது, நிறுவியே ஜிபிடி போட்டுக்கொள்ளும், சிக்கல் வராது. வேறொரு கணினியில் முன்பு பயன்பட்டதோ, "சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம்" என்று கடையில் எம்பிஆர் போட்டுக் கொடுத்ததோதான் இங்கே வந்து முட்டும்.

உள்ளே எதுவும் இல்லாத டிஸ்க் என்றால்: நிறுவித் திரையில் ஷிஃப்டும் எஃப்10-உம் அழுத்தினால் கறுப்புக் கட்டளைத் திரை வரும். டிஸ்க்பார்ட் என்று தட்டி, லிஸ்ட் டிஸ்க் கொடுங்கள். பட்டியலில் கொள்ளளவைப் பார்த்து உங்கள் டிஸ்க் எது என்று உறுதி செய்யுங்கள். ஜிபிடி என்ற பத்தியில் நட்சத்திரம் இருந்தால் அது ஏற்கெனவே ஜிபிடி. பிறகு டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, கிளீன், கன்வெர்ட் ஜிபிடி.

கிளீன் என்பது "நிச்சயமாகவா?" என்று கேட்காத கட்டளை. எண்டர் தட்டிய அந்த நொடியே அட்டவணை போய்விடும். இரண்டு டிஸ்குகளும் ஒரே கொள்ளளவு என்றால் வேண்டாததைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்வதைத் தவிர பாதுகாப்பான வழி கிடையாது. எண் 0 என்றால் பழையது, 1 என்றால் புதியது என்று சொல்லித் தரும் காணொளிகளை நம்பாதீர்கள். எண் மாறும்.

உள்ளே விண்டோஸ் 10-உம் கோப்புகளும் இருந்தால் அழிக்க வேண்டியதில்லை. எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்குக் கோப்புகளைத் தொடாமல் மாற்றும் கருவி 2017-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் நகல் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

*

சில நேரம் டிஸ்கில் குற்றமே இருக்காது. பென்டிரைவை எந்த வழியில் கிளப்பினோம் என்பதுதான் வம்பு. பூட் பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும்: ஒன்றின் பெயருக்கு முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. யுஇஎஃப்ஐ என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸ் ஏற்ற 8 ஜிபி பென்டிரைவாவது வேண்டும். மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவி அல்லது ரூஃபஸ், இரண்டும் நல்லவை. ஐஎஸ்ஓவைத் திறந்து கோப்புகளைக் கையால் இழுத்துப் போடுவது இப்போது சரிவராது. உள்ளே இருக்கும் பெரிய கோப்பு 4 ஜிபியைத் தாண்டிவிட்டது, ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு அதற்கு மேல் போக முடியாது.

முதல் மறுதொடக்கம் ஆகும்போது பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சில கணினிகள் மறுபடியும் அதிலிருந்தே கிளம்பி முதல் திரைக்கே வந்து நிற்கும். "சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்கு வருது" என்று புகார் வந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

இந்தப் பென்டிரைவே நம் வட்டாரத்துச் சரக்கு. சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 2000-ஆம் ஆண்டு ஜெர்மனியின் செபிட் கண்காட்சியில் தம்ப்டிரைவ் என்று ஒன்றைக் காட்டியது. அதே ஆண்டு தைவானில் ஃபைசன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் புவா கெய்ன் செங், சிலாங்கூரின் செக்கிஞ்சான்காரர். யார் முதலில் என்று இஸ்ரேல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. நம் பத்திரிகைகள் புவாவைப் பென்டிரைவின் தந்தை என்றே எழுதும். அந்தப் பட்டத்தை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் இன்று விற்கும் எஸ்எஸ்டிகளில் ஏராளமானவற்றின் கட்டுப்பாட்டுச் சில்லு ஃபைசனுடையது. நெல்வயல் ஊரிலிருந்து போனவருக்கு அது சின்னப் பெருமையில்லை.

*

மூன்றாம் வகை கொஞ்சம் நயவஞ்சகம். மேசைக் கணினி. பழைய டிஸ்க் உள்ளேயே இருக்க, பக்கத்தில் புது எஸ்எஸ்டியைப் போட்டு விண்டோஸ் ஏற்றுகிறார்கள். எல்லாம் பிரமாதமாக ஓடுகிறது. ஒரு மாதம் கழித்துப் பழைய டிஸ்கைக் கழற்றி மச்சானுக்குக் கொடுத்ததும், புது எஸ்எஸ்டி கிளம்ப மறுக்கிறது.

நடந்தது இதுதான். கிளம்புவதற்கான சின்னஞ்சிறு ஈஎஃப்ஐ பகுதி பழைய டிஸ்கில் ஏற்கெனவே இருந்ததால், நிறுவி புதிதாக ஒன்றை உண்டாக்காமல் அதிலேயே தன் வழியை எழுதிவிட்டது. விண்டோஸ் புதியதில், திறவுகோல் பழையதில். ஏற்றும்போது மற்ற டிஸ்குகளின் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது, அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. வந்துவிட்ட பிறகும் மீட்கலாம்: புதிய டிஸ்கில் கொஞ்சம் இடம் ஒதுக்கி ஃபேட்32-இல் ஈஎஃப்ஐ பகுதி உண்டாக்கி, பிசிடிபூட் கட்டளையால் கிளம்பும் கோப்புகளை எழுத வேண்டும். முடியாததில்லை. பிடுங்கி வைப்பது அதைவிட எளிது.

*

1 டெராபைட் வாங்கினால் விண்டோஸ் 931 என்று காட்டும். 500-க்கு 465. கடைக்காரர் திருடவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

புது டிஸ்கை இரண்டாவது டிஸ்காகப் போட்டு "மை கம்ப்யூட்டரில் வரலை" என்பவர்களுக்கு: டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் இனிஷியலைஸ் செய்து, புதிய பகுதி உண்டாக்கி ஃபார்மட் செய்து, பெயர் கொடுங்கள். வந்துவிடும்.

*

உண்மையிலேயே கெட்ட டிஸ்க் என்று நான் பார்த்தவற்றில் பாதி, பிறப்பிலேயே பொய்யானவை. இணையச் சந்தையில் நம்ப முடியாத விலைக்கு 2 டெரா, 4 டெரா. உள்ளே சின்ன நினைவகச் சில்லு. கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி அதன் நிரலைத் திருத்தியிருப்பார்கள். விண்டோஸ் ஏறும், முதல் வாரம் ஓடும். உண்மையான அளவு நிரம்பியதும் புதிதாக எழுதுவது பழையதின் மேல் விழும், அல்லது எங்கேயும் விழாது. கையில் வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் முழு டிஸ்கையும் எழுதிப் படித்துப் பாருங்கள். நேரம் எடுக்கும், போகட்டும். லினக்ஸ்காரர்களுக்கு எஃப்3.

சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கி வருகிறவர்களும் உண்டு. பொருளில் குறையில்லை, உத்தரவாதம் எங்கே செல்லும் என்பதை மட்டும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுக்கக் காஸ்வேயில் நிற்பது வீண் நாள். ஜொகூர் பாருவின் ஹாலிடே பிளாசா பக்கத்தில் இருக்கிறது.

*

2025 ஆகஸ்டில் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றியது: விண்டோஸ் 11-இன் அந்த மாதப் புதுப்பிப்பு எஸ்எஸ்டிகளைக் கொன்றுவிடுகிறது என்று. ஜப்பானில் ஒருவர் எழுதியதிலிருந்து கிளம்பி உலகம் சுற்றியது. ஃபைசன் 4,500 மணி நேரத்துக்கு மேல் சோதித்தும் அந்தக் கோளாறை உண்டாக்க முடியவில்லை என்று அறிவித்தது. மைக்ரோசாஃப்டும் தொடர்பு காணவில்லை என்றது. மறுப்பை யாரும் குழுவில் போடவில்லை. இன்னமும் "அந்த அப்டேட் வேண்டாம்" என்பவர்கள் வருகிறார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஒன்று நிஜம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்770 வரிசை 2 டெரா டிஸ்குகள் நீலத் திரை காட்டின. தங்களுக்கென்று கணினியின் நினைவகத்தில் ஓர் இடத்தைக் கடன் கேட்கும் டிஸ்குகள் அவை. புதிய விண்டோஸ் அந்தக் கடனைத் தாராளமாகக் கொடுக்க, டிஸ்கால் தாங்க முடியவில்லை. டிஸ்கின் உள்நிரலைப் புதுப்பித்ததும் தீர்ந்தது. ஆகவே புது எஸ்எஸ்டி கையில் வந்ததும், விண்டோஸ் ஏற்றுவதற்கு முன்போ பின்போ, தயாரித்தவரின் உள்நிரல் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குழுச் செய்தியைவிட அது பயன்படும்.

*

பிற்பகல் மூன்று மணிக்கு மேல், வானம் கறுத்திருந்தால், நான் எந்த நிறுவலையும் தொடங்குவதில்லை. உள்நிரல் புதுப்பிப்பையும் கண்டிப்பாகத் தொடுவதில்லை. ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உயர் மின்னழுத்தத்தையும் மின்னலையும் ஆராயத் தனிக் கழகமே வைத்திருக்கிறது. அந்த அளவுக்கு நம் ஊரில் மின்னல். மேசைக் கணினி என்றால் ஒரு சின்ன யுபிஎஸ். லேப்டாப் என்றால் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும்.

*

இந்த நினைவகச் சில்லுகளை ஏதோ தூர தேசத்து அதிசயம் என்று நினைக்கிறோம். நேண்ட் என்ற வகையை உருவாக்கி 1987-இல் உலகுக்கு அறிவித்தது ஜப்பானின் தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோக்கா குழுதான். ஆனால் இன்று மைக்ரான் தன் நேண்ட் சில்லுகளை உருவாக்கும் பெரிய ஆலைகள் சிங்கப்பூரின் வடகரையில், உட்லண்ட்ஸ் வட்டாரத்தில். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் நீரிணைக்கு அக்கரை. அதே நிறுவனத்தின் பொருத்தல், சோதனை ஆலை ஜொகூரின் மூவாரில். காலை இருட்டில் மோட்டார் சைக்கிளில் காஸ்வே தாண்டுகிறவர்களில் சில்லு ஆலை வேலைக்குப் போகிறவர்களும் உண்டு.

2025 டிசம்பர் 3-இல் மைக்ரான், தன் குரூஷியல் என்ற வாடிக்கையாளர் பிராண்டை விட்டு விலகுவதாக அறிவித்தது. கடைகளுக்குச் சரக்கு 2026 பிப்ரவரி வரைதான். காரணம் ஒளிக்கவில்லை: செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பசி. அந்த மையங்களில் பலவும் எங்கே எழும்புகின்றன என்று பார்த்தால், கூலாய், செடெனாக். சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்கு இடைநிறுத்தம் போட்டது, 2022 வரை. அந்த வேகம் முழுக்க இந்தப் பக்கம் திரும்பியது. 2023 டிசம்பரில் ஒய்டிஎல் குழுமம் என்விடியாவோடு சேர்ந்து கூலாயில் செயற்கை நுண்ணறிவு மையம் அமைப்பதாக அறிவித்தது. செம்பனை நின்ற நிலம். அப்பா பால் மரம் சீவிய, செம்பனைக் குலை வெட்டிய மாவட்டத்தில் இன்று நினைவகச் சில்லுகள் வண்டி வண்டியாக இறங்குகின்றன. அதே மாவட்டத்துப் பிள்ளைக்கு 1 டெரா எஸ்எஸ்டி போன வருட விலைக்குக் கிடைப்பதில்லை. இதில் யாரையும் திட்டிப் பயனில்லை. தேவைப்படுகிறவர்கள் விலை இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

*

விண்டோஸ் ஏறிய பிறகும் ஒரு கண்டம்: வைஃபை கிடையாது, இணையம் இல்லாமல் அடுத்த திரைக்கு விடாது. புதிய லேப்டாப்புகளின் வைஃபை டிரைவர் நிறுவியில் இல்லாததால் வருவது. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளால் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். கேபிள் இணையம் என்று நினைத்துக்கொண்டு கடந்துவிடும்.

நேர மண்டலம் "கோலாலம்பூர், சிங்கப்பூர்". நேரம் தவறாக இருந்தால் வங்கிப் பக்கம் திறக்காது, "பாதுகாப்பில்லை" என்று மிரட்டும். அதற்கு வைரஸ் தேடிப் பயனில்லை.

புது டிஸ்க் போட்டதால் விண்டோஸை மறுபடி வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். உரிமம் தாய்ப்பலகையோடு ஒட்டியது. நிறுவும்போது "கீ இல்லை" என்று சொல்லிவிட்டு, முன்பிருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், தேர்ந்தெடுத்தால் இணையத்தில் சேர்ந்ததும் தானாகவே உயிர் பெறும்.

*

24எச்2-இல் இருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டி மறையாக்கம் ஆகிவிடுகிறது. யாரும் கேட்பதில்லை. பிறகு என்றோ பயாஸில் எதையாவது மாற்றினால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். கணக்கோ, கடைப் பையன் அவசரத்துக்கு உண்டாக்கிய ஏதோ ஒரு மின்னஞ்சல். மாசாய் ஆசிரியை ஒருவர் பரீட்சைத் தாள்களோடு இப்படி மாட்டிக்கொண்டார். எண் கிடைக்காத பட்சத்தில் அந்த டிஸ்கைத் திறக்க எனக்கு மட்டுமில்லை, யாருக்குமே வழி கிடையாது. உங்கள் சொந்த மின்னஞ்சலில் நுழையுங்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

*

கடைசியாக ஒன்று. தமிழில் எழுதுகிறவர்களுக்கு.

புதிதாக ஏற்றிய விண்டோஸ் 11-இல் லதா எழுத்துரு இருக்காது. நிர்மலா யுஐ மட்டும் இருக்கும். லதாவும் விஜயாவும் "தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்" என்ற பெயரில் விருப்பக் கூறுகளில் கிடக்கின்றன. செட்டிங்ஸ் போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் விண்டோஸிலேயே உண்டு, தனியாக எதுவும் இறக்க வேண்டியதில்லை.

சிக்கல் அதற்கும் முந்தைய கோப்புகளில். முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு அஞ்சல் காலத்திலிருந்து இந்த நாட்டில் கணினியில் தமிழ் எழுதுகிறோம். யூனிகோடு வந்து நிலைக்கும் வரை டிஸ்கி, 1999 சென்னை மாநாட்டில் வந்த டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியாக்கம். அந்தக் கோப்புகளுக்கு உரிய எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் கொம்பும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துக் குப்பை. டிஸ்கை மாற்றி, வேர்டு கோப்புகளை மட்டும் பத்திரமாக நகலெடுத்து, எழுத்துருவை விட்டுவிட்டால், தோட்டக் கோயிலின் இருபது வருடக் கூட்டக் குறிப்புகள் அந்தக் குப்பையாகத்தான் திறக்கும். கோப்பு அழியவில்லை. எந்தக் குறியாக்கம் என்று தெரிந்தால் என்எச்எம் போன்ற மாற்றிகளால் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். எழுத்துருவின் பெயர்கூடத் தெரியாமல் போனால் ஊகித்துப் பார்ப்பதுதான் வேலை.

கோயில் செயலாளர்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் கேட்டுக்கொள்கிறேன்: பழைய கணினியின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்த பிறகே, டிஸ்க் மாற்றக் கடைக்குக் கொடுங்கள்.